சிட்டு தூங்க வேண்டும்

செல்போன் அடித்தபோது பூமாரி கல்லூரி மொட்டைமாடியில், ஆன்டெனாக் கம்பத்தின் பாதி உயரத்தில் நின்று, மோட்டார் பெட்டிக்குள் குளவி கட்டியிருந்த மண்கூட்டை ஸ்குரூடிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இறங்கி வருவதற்குள் மணி நின்றுவிட்டது. துப்பட்டாவில் கையைத் துடைப்பதற்குள் மறுபடியும் அடித்தது. சென்னையிலிருந்து சுபாஸ்ரீ மேடம், திட்டத்தை நடத்துபவர். எப்போது பேசினாலும் சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பிப்பார். இன்றைக்கு அது இல்லை.

"பூமாரி, காலையில நீ பிடிச்சு அனுப்பின டேட்டாவ இப்பதான் பிரிச்சுப் பார்த்தோம். சிட்டு தூங்கவே இல்ல. ரெண்டு நாளா கத்திக்கிட்டே இருக்கு."

பூமாரி அப்படியே தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சிட்டு என்பது நான்கு கல்லூரிகள் சேர்ந்து செய்த செயற்கைக்கோள். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். பெரிய செயற்கைக்கோள் ஒன்றை ஏற்றிச்சென்ற ராக்கெட்டில் ஓரமாக ஒண்டிக்கொண்டு போன மாதம் மேலே போயிருந்தது. அதற்கு ஒரே வேலை. ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் கீச்சிட்டுக்கொண்டே பூமியைச் சுற்ற வேண்டும். அதற்கும் நமக்கும் நடுவில் அயனிமண்டலம் இருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு அங்கே உள்ள காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று, கண்ணுக்குத் தெரியாத மூட்டம் போல மிதக்கின்றன. அந்த மூட்டத்தைத் தாண்டி வரும்போது இரண்டு ஒலியும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் மூட்டம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லிவிடலாம்.

பூமியின் காந்த நடுக்கோடு தேனிக்குக் கொஞ்சம் தெற்கே போகிறது என்பதால்தான் அந்தக் கீச்சைப் பிடிக்கும் இந்த நிலையம் இங்கே வந்தது. அந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில், பொழுது சாய்ந்ததும், உலையில் சோறு கொதிக்கிற மாதிரி மூட்டத்துக்குள் குமிழிகள் கிளம்பும் என்று பூமாரி படித்திருந்தாள். ஒரு குமிழி பல கிலோமீட்டர் அகலம் இருக்குமாம். அது குறுக்கே வந்தால் விமானத்தின் ரேடியோ தடுமாறும், செல்போனில் வழி காட்டும் புள்ளி சாலையை விட்டு வாய்க்காலுக்குள் இறங்கும். எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடமாக இந்த மொட்டைமாடிதான் அவள் அலுவலகம். தினமும் சாயங்காலம் மேகமலைப் பக்கம் வானம் கறுக்கும்போது, இப்போது என் தலைக்கு மேலே ஒன்று கிளம்பிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் சிட்டு மேலே போய் இத்தனை நாளாகியும் ஒரு குமிழிகூட அகப்படவில்லை.

மேடம் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு நாளைக்கு முன் சிட்டு தானாக ஒருமுறை அணைந்து எழுந்திருக்கிறது. எழுந்ததிலிருந்து அதற்கு ஓய்வெடுக்க மறந்துவிட்டது. வெயிலில் ஏறுகிற மின்சாரத்தைவிடக் கீச்சிடுவதில் செலவாவது அதிகம். பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இன்று இரவு பூமியின் நிழலுக்குள் போய்ப் போய் வருவதைத் தாங்காது. அதற்குள் யாராவது தூங்கு என்று கட்டளை அனுப்ப வேண்டும். கட்டளை அனுப்பும் அனுமதி இரண்டு நிலையங்களுக்குத்தான் உண்டு. சென்னை நிலையத்தின் மேல் நேற்று இடி இறங்கிவிட்டது.

"அது நல்லா இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. சாயங்காலச் சுத்து அரபிக்கடல் மேல போகுது. எங்களுக்கு அது தொடுவானத்துக்குக் கீழ. நீங்க மட்டும்தான்."

பூமாரி மேற்கே பார்த்தாள். உத்தமபாளையத்தைத் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கும் தென்னைகளுக்கும் அப்பால், மலை சுவர் மாதிரி எழுந்து நின்றது. சிட்டு அந்தச் சுவருக்குப் பின்னாலேயே வந்து பின்னாலேயே போய்விடும். மாடியிலிருந்து ஒரு கீச்சுகூடக் கேட்காது.

"மேடம், இங்கன இருந்து முடியாது. மலை மறைக்கும்."

"தெரியும்மா. அதான் என்ன செய்யலாம்னு..."

"கம்பம்மெட்டுக்குப் போயிர்றோம். மலை உச்சி, கேரளா எல்லை. அங்கன மறைப்பு இல்ல" என்றாள் பூமாரி. சொன்ன பிறகுதான் அதைத் தான் யோசித்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

கீழே ஆய்வகத்தில் ஜோயல் இருந்தான். அவளோடு அதே திட்டத்தில் வேலை செய்பவன். தேனி கடைவீதியில் அவன் அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. கடையில் உட்காராமல் இங்கே வந்து கம்பி பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று வீட்டில் வருத்தம். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் கையில் பிடிக்கிற ஆன்டெனாவை அலமாரியின் மேலிருந்து இறக்கிவிட்டான். மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு அலைவரிசையையும் பிடிக்கும்.

"ரேடியோவுக்கு பேட்டரி?" என்றான். நிலையத்தில் இருந்த பேட்டரி போன மாதமே உப்பிப்போயிருந்தது. இரண்டாவது சனிக்கிழமை, கல்லூரியில் ஒரு வண்டியும் கிடையாது. அவனுடைய பைக்கில் இரண்டு ஆள், ரேடியோ, லேப்டாப், ஆன்டெனா. அதற்கே இடம் பற்றாது. கடையில் கார் பேட்டரி வாங்கினாலும் எங்கே வைப்பது?

பூமாரி அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா முருகம்மாள் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். பொழுது சாயும் நேரத்தில் அதே ஜீப் மெட்டு வழியாக இறங்கும்.

"எம்மா, எங்கன இருக்க?"

"எங்கன இருப்பேன். காய நிறுத்துக்கிட்டு இருக்காக."

"ஜீப்பு மெட்டுக்கு வந்ததும் எறங்கிறாதீக. அங்கனயே நிக்கச் சொல்லு. நான் வாரேன்."

"நீ எதுக்குடி மெட்டுக்கு வார?"

"ஜீப்பு பேட்டரி வேணும்மா. கொஞ்ச நேரத்துக்கு."

அந்தப் பக்கம் தராசுத் தட்டு இடிக்கும் சத்தமும் யாரோ இருமுவதும் கேட்டன. "காமராசு அந்த ஜீப்புல ஒரு நட்டத் தொடவும் விடமாட்டான்" என்றாள் முருகம்மாள். பிறகு, "சரி, வா. பாப்போம்."

பூமாரி பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஆன்டெனாவைத் தலைக்கு மேலே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். கம்பம் கடைவீதியில் பூக்கட்டும் பெண்கள் பூவை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மலைப்பாதை தொடங்கியதும் காற்று ஆன்டெனாவை ஒரு பக்கமாக இழுத்தது. வளைவுக்கு வளைவு அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். எதிரே ஜீப்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பின்கதவு வரை பெண்கள், மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் படுதாவோடு, தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு. அம்மாவின் ஜீப்பும் இதற்குள் இறங்கியிருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். பயமாக இருந்தது. பயத்தோடு சேர்ந்து, திருவிழாவுக்குப் போகும் பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பும் வாயோரம் வந்து வந்து போனது. ஜோயல் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சிரிக்கிறீக?" என்றான்.

"தெரியல. ஓட்டுங்க."

ஜீப் நின்றிருந்தது. மெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் சாலையோரத்தில் ஒரு மொட்டைப் பாறைமேடு. மேற்கே தடுப்பு இல்லாமல் மலைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தாழ்ந்துகொண்டே போயின. ஜீப்பைச் சுற்றிப் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் ஓட்டும் காமராஜ் மட்டும் எஞ்சின் மூடியின் மேல் கையை ஊன்றிக் காவல் நிற்பது போல நின்றான்.

"தங்கச்சி, ஒங்க அம்மா சொன்னாகன்னு நிப்பாட்டிருக்கேன். இந்த பேட்டரி கெழட்டு பேட்டரி. இத நம்பி ரேடியோவெல்லாம் போட்டா நாங்க ராத்திரி இங்கனதான் கெடக்கணும். இவுகளுக்கெல்லாம் வீட்டுல உலை வைக்கணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. பூமாரி பெண்களைப் பார்த்தாள். ஏலக்காயின் பால் பட்டுக் கறுத்த விரல்கள். அட்டை கடித்த இடத்தில் புகையிலை ஒட்டிய கணுக்கால்கள். விடிகாலையிலிருந்து குனிந்து குனிந்து நின்றவர்கள். இவர்களிடம் போய், சிட்டு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று எப்படிச் சொல்வது?

வயதில் மூத்த சோணையம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு முருகம்மாளைக் கேட்டாள். "ஒம் புள்ள அப்படி என்னதான் வேல பாக்குறா? போன வாரம் சின்னமனூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தாகள்ல, அவுக கேட்டப்பக்கூட நீ கம்ப்யூட்டர்னு சொல்லி மழுப்பிட்டயாம்ல."

முருகம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினாள். பூமாரி எதையாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அம்மா பேசினாள்.

"மேல ஒரு பொட்டி சுத்துது. இதுக செஞ்சு அனுப்புன பொட்டி. அது தூங்காம கெடக்குதாம். தூங்கச் சொல்லலைன்னா இன்னைக்கு ராத்திரி செத்துரும். சொல்லத் தெரிஞ்சது இந்த ரெண்டு பேருதான். அம்புட்டுத்தேன்."

பூமாரி அம்மாவையே பார்த்தாள். பைக்கை விட்டு இறங்கியதும் இன்றைய சங்கதியை இரண்டு வரியில் படபடவென்று சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். தினமும் சாப்பிடும்போது தான் புலம்புவதையெல்லாம் அம்மா காதில் வாங்கவே இல்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

"தூங்க வைக்கத்தான இம்புட்டும்?" என்றாள் சோணையம்மாள். "அப்ப இருந்துட்டுத்தான் போவோம். இந்தத் தம்பி ஆளுக்கு ஒரு டீயும் பழம்பொரியும் வாங்கிக் குடுக்கட்டும்."

ஜோயல் மறுபேச்சுப் பேசாமல் கடைப் பக்கம் ஓடினான். டீக்கடைக்காரர் தட்டோடு கூடவே வந்து, "எந்தா சேச்சி, டிவி வைக்கான் போவாணோ?" என்று மலையாளத்தில் கேட்டபடி, அது டிவிக்கு என்று நினைத்து, ஆன்டெனாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காமராஜுக்கு அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே மூடியைத் திறந்து, தன் கையாலேயே கம்பிகளை மாட்டினான். ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. காதில் கொர்ர் என்று ஒரே இரைச்சல்.

"அண்ணே, எஞ்சின் சத்தம் ரேடியோக்குள்ள வருது. அது வாரப்ப மட்டும் அமத்தணும்" என்றான் ஜோயல்.

காமராஜ் வானத்தைப் பார்த்தான். பிறகு, "வாரப்ப சொல்லு" என்று சாவியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பொழுது விழுந்தது. மேற்கே மலைகளின் மேல் சிவப்பு மங்கி, செம்பு நிறமாகி, பிறகு அடியில் ஒரு கோடாக மட்டும் நின்றது. பூமாரி பாறையின் உச்சியில் ஏறி நின்று ஆன்டெனாவைத் தென்மேற்கே நீட்டினாள். சிட்டு எங்கே போகிறது என்று செல்போன் திரையில் ஒரு புள்ளி காட்டும். ஆனால் ஆன்டெனாவை இரண்டு கையாலும் பிடித்தால் போனை யார் பிடிப்பது? முருகம்மாள் வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"இந்தப் புள்ளிதானா?"

"அதான்மா. போன நான் ஆன்டெனாவப் பிடிக்கிற பக்கமே நீட்டு, இந்தக் கோடுதான் அந்தப் பக்கம். புள்ளி கோட்ட விட்டு வெலகுச்சுன்னா சொல்லு."

"அண்ணே, இப்ப" என்றான் ஜோயல். எஞ்சின் நின்றது. மெட்டில் திடீரென்று தவளைச் சத்தமும் காற்றும் மட்டும்தான். ரேடியோவில் இரைச்சல் மெல்லிய மணல் போல உதிர்ந்துகொண்டிருந்தது. மணலுக்குள்ளிருந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு கீச்சு வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு தெளிவாக, விட்டு விட்டு, வரிசையாக.

"கேக்குதுடி" என்றாள் முருகம்மாள் கிசுகிசுப்பாக.

மொட்டைமாடியில் எத்தனையோ தடவை கேட்ட ஒலிதான். மோட்டார் திருப்ப, கணினி பிடிக்க, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது. இப்போது அது அவள் கைக்குள் இருந்தது. கம்பியைக் கொஞ்சம் விலக்கினால் மங்கியது, நேராக்கினால் நிமிர்ந்தது. கயிற்றின் மறுமுனையில் உயிருள்ள ஒன்றைப் பிடித்திருப்பது போலிருந்தது.

"அனுப்புறேன்" என்றான் ஜோயல். தூங்கு என்ற கட்டளை போனது. சிட்டு அதைக் கேட்டுக்கொண்டால் சரி என்று ஒரு நீண்ட ஒலி கொடுத்துவிட்டு அடங்க வேண்டும்; பேட்டரி கொஞ்சம் ஏறிய பிறகு, நீண்ட இடைவெளி விட்டு ஒவ்வொரு கீச்சு மட்டும் போடும். கீச்சு அப்படியே தொடர்ந்தது. மறுபடி அனுப்பினான்.

"வலது பக்கம் போயிருச்சு. இன்னும். கொஞ்சம் மேல" என்றாள் முருகம்மாள். மகளின் கை கனத்தில் தாழ்வதைப் பார்த்துத் தன் தோளை அவள் முழங்கைக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள்.

அப்போதுதான் ஒலி ஆடத் தொடங்கியது. காற்றில் சிம்னி விளக்குப் போல ஏறியது, இறங்கியது, அறுந்தது, மறுபடி பளிச்சென்று வந்தது. "பூமாரி, நேராப் பிடிங்க, விட்டு விட்டு வருது" என்று ஜோயல் கத்தினான்.

"நேராத்தான் பிடிச்சிருக்கேன்."

தோள் வலித்தது. கைதான் ஆடுகிறது என்று முதலில் அவளும் நினைத்தாள். அம்மாவின் தோளில் கையை நன்றாக அழுத்தி அசையாமல் நின்றாள். அப்போதும் ஆடியது. அவள் கழுத்தைத் திருப்பி ஜோயலின் லேப்டாப் திரையைப் பார்த்தாள். இரண்டு அலைவரிசைக்கும் இரண்டு கோடுகள். மேல் அலைவரிசையின் கோடு லேசாக நெளிந்தது. கீழ் அலைவரிசையின் கோடோ ரம்பத்தின் பற்களைப் போலக் குத்திட்டு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. கை ஆடினால் இரண்டும் சேர்ந்துதானே விழ வேண்டும்? இது கை இல்லை. ஆன்டெனா இல்லை. இங்கே, இந்த மலைக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில், இப்போது, ஏதோ ஒன்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

"ஜோயல், பதிவாகுதா?"

"ஆகுது, ஆனா கட்டளை போய்ச் சேந்துச்சான்னே தெரியலையே."

"பதிவ நிப்பாட்டிறாதீக. குமிழி. குமிழி வந்திருச்சு."

ஜோயல் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கட்டளையை இன்னொரு தடவை அனுப்பினான். ஒலி ஒருமுறை உயர்ந்தது. நீண்டதா, வழக்கமானதா என்று பிடிபடுவதற்குள் அறுந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. திரையில் புள்ளி இன்னும் மலைகளுக்கு மேலேதான் இருந்தது. பூமாரி புள்ளி போன பக்கமெல்லாம் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். மணல் மட்டும் உதிர்ந்தது. கடைசியில் புள்ளியும் வடக்கே இறங்கி மறைந்தது.

"தூங்கிருச்சா?" என்று கேட்டாள் சோணையம்மாள் கீழேயிருந்து.

பூமாரி ஆன்டெனாவைத் தாழ்த்தினாள். கை தன்னுடையது போலவே இல்லை. "தெரியல பெரியம்மா. தூங்குனாலும் இப்படித்தான் இருக்கும். செத்தாலும் இப்படித்தான் இருக்கும். காலையில இங்கனகூடி வரும், அப்பத் தெரியும்."

ஜீப் இரண்டு இருமல் இருமிவிட்டுக் கிளம்பியது. பூமாரியையும் ஆன்டெனாவையும் பெண்கள் நடுவில் திணித்துக்கொண்டார்கள். கம்பிகள் பின்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஆளுக்கு ஒரு கம்பியாக ஒடியாமல் பிடித்துக்கொண்டார்கள். ஜோயல் பைக்கில் பின்னாலேயே வந்தான். கீழே பள்ளத்தாக்கு முழுக்க விளக்குகள். நாலைந்து வளைவு இறங்கியதும் போனுக்கு உயிர் வந்தது. கிளம்பும் முன் டீக்கடைக்காரரின் போன் வழியாக ஜோயல் அனுப்பியிருந்த பதிவைச் சென்னையில் பார்த்துவிட்டார்கள்.

"பூமாரி, கீழ் அலைவரிசை மட்டும் இப்படிக் குதிச்சிருக்கே, நீ பார்த்தியா?" என்று மேடம் ஒரே மூச்சில் கேட்டார்.

"பார்த்தேன் மேடம். கை அசையல மேடம். எங்க அம்மா முட்டுக் கொடுத்திருந்தாக."

மேடம் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது. பூமாரி அம்மாவிடம் அந்தக் குமிழியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். உலை, சோறு, கொதி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஜீப்பில் எல்லோரும் கேட்டார்கள். "அப்ப இத்தன நாளும் நம்ம தலைக்கு மேல கொதிச்சுக்கிட்டா இருந்துச்சு" என்றாள் ஒருத்தி. பாதிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முருகம்மாள், கம்பியைப் பிடித்த கையை விடாமல், மகளின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

காலையில் கண் விழித்தபோது அம்மா இல்லை. வழக்கமான ஜீப்பில் போய்விட்டாள். பூமாரி பல் விளக்கிய ஈரத்தோடு கல்லூரிக்கு ஓடி மொட்டைமாடியில் ஏறினாள். ஜோயல் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். நேரம் வந்ததும் மோட்டார் உறுமி, ஆன்டெனா தானாகத் தெற்கே தலையைத் திருப்பிக் குனிந்தது. மணல் உதிர்ந்தது. உதிர்ந்துகொண்டே இருந்தது. ஜோயல் நெற்றியைத் தேய்த்தான்.

கீச்.

ஒன்றே ஒன்று. பிறகு நீண்ட அமைதி. தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. பூமாரி எழுந்து நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது, அதே இடைவெளியோடு, கட்டளையில் சொன்னபடியே.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். ஜீப்பின் உறுமல், பெண்களின் பேச்சு, அதற்கு மேலே அம்மாவின் குரல், "என்னடி ஆச்சு?" பூமாரி போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த கீச்சு வருவதற்கு முன் அந்தப் பக்கம் எல்லாப் பேச்சும் அடங்குவது கேட்டது. மேற்கே மலைச்சுவரில் ஜீப்புகளின் விளக்குகள் வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தன. அதில் எது அம்மாவின் ஜீப் என்று தெரியவில்லை. ஆன்டெனா மெதுவாக நிமிர்ந்து, அவள் தலையைத் தாண்டி, வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது.